ஒளிமானி இல்லாத ஒரு மாலை

1941 நவம்பர் முதலாம் திகதி மாலை. அமெரிக்காவின் நியூ மெக்ஸிக்கோ மாநிலத்தில், சாமா பள்ளத்தாக்கிலிருந்து சாண்டா ஃபே நகரை நோக்கி பொண்டியாக் வாகனம் ஒன்று சென்றுகொண்டிருந்தது. ஓட்டிவந்தவர் ஒளிப்படக் கலைஞர் அன்செல் அடம்ஸ். வயது 39. உடன் மகன் மைக்கல், நண்பர் செட்ரிக் ரைட். அன்று பகல் முழுவதும் முயன்றும் திருப்தியான படம் எதுவும் அமையாத சோர்வு அவருக்கு.

ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரைக் கடக்கும்போது அவர் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார். கீழ்வானில் முழுமையை நெருங்கிய நிலவு எழுந்திருந்தது. தூரத்தே பனிமூடிய மலைகள். மேற்கே இறங்கிக்கொண்டிருந்த சூரியனின் கடைசி ஒளி, ஊரின் கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளின் மேல் வெள்ளையாக விழுந்திருந்தது. வாகனத்தைத் தெருவோரம் நிறுத்திவிட்டு, முக்காலியைக் கொண்டுவா, அதைக் கொண்டுவா, இதைக் கொண்டுவா என்று கூவியபடி அவர் இறங்கினார். பத்துக்கு எட்டு அங்குலத் தகடு எடுக்கும் பெரிய கமெராவைப் பொருத்தியும் ஆயிற்று. ஆனால் ஒளியை அளக்கும் வெஸ்டன் ஒளிமானியை மட்டும் எங்கு தேடியும் காணவில்லை.

இந்த இடத்தில் சற்று நின்று, ஒளிமானி என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அது பார்க்கும் எதனையும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்கிறது. நல்லூர்த் திருவிழாவில் நண்பகல் வெயிலில் வெள்ளை வேட்டியுடன் நிற்கும் அடியார் கூட்டத்தை நோக்கி அதனைப் பிடித்தால், ஒளி மிகுதி என்று கணக்கிட்டுக் குறைக்கச் சொல்லும். அதன் பேச்சைக் கேட்டவரின் படத்தில் வேட்டிகள் எல்லாம் அழுக்கேறியவை போல் வரும். விளக்கொளி மட்டுமே உள்ள இருண்ட மண்டபத்தில் நேர்மாறு: இருளும் சாம்பலாக வெளிறி, தீபச்சுடர் வெள்ளைத் திட்டாகிவிடும். மானி அளக்கும். எது வெள்ளை, எது கறுப்பு என்று தீர்மானிப்பது கமெராவைப் பிடித்திருப்பவரின் வேலை. பிலிமில் எடுத்த காலத்தில் அந்தத் தீர்மானம் சரியா பிழையா என்பது கழுவிய பிறகுதான் தெரியும்.

1990களில் வடபகுதிக்குக் கொண்டுசெல்லத் தடைவிதிக்கப்பட்ட பொருட்களில் பற்றரிகளும் அடங்கியிருந்தன. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. அக்காலத்துக் கமெராக்கள் பலவற்றில் ஷட்டர் பற்றரி இன்றியும் இயங்கும். உள்ளிருக்கும் ஒளிமானி இயங்காது. எனக்குத் தெரிந்த மூத்த ஒளிப்படக்காரர் ஒருவர், வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்து, தன் புறங்கையை வெயிலில் திருப்பிப் பார்த்து, துவாரத்தையும் வேகத்தையும் வைப்பார். நல்ல வெயிலில் எஃப் 16, வேகம் பிலிமின் ஏஎஸ்ஏ எண்ணுக்கு நேர் என்ற பழைய சூத்திரம்தான் அவருக்கு அடிப்படை. ஒரு றோலில் 36 படங்கள். அடுத்த றோல் எப்போது வரும் என்பது எவருக்கும் தெரியாது. அவர் அநேகமாகத் தவறியதில்லை.

ஹெர்னாண்டஸில் அடம்ஸுக்கு அந்தச் சூத்திரமும் உதவாது. வெயில் நொடிக்கு நொடி மங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவருக்கு நிலவின் ஒளிர்வு எவ்வளவு என்பது நினைவுக்கு வந்தது: சதுர அடிக்கு 250 கண்டில். நிலவும் வெயிலில் கிடக்கும் ஒரு பாறைதான். ஆகவே அதன் ஒளிர்வு ஏறத்தாழ மாறாதது. லொஸ் ஏஞ்சலிஸில் பிரெட் ஆர்ச்சருடன் சேர்ந்து அவர் வகுத்திருந்த ஸோன் முறையில், கறுப்பு முதல் வெள்ளை வரை பதினொரு படிகள். நிலவை ஏழாம் படியில் வைத்தார். ஒவ்வொரு படியும் பாதி என்பதால், நடுச்சாம்பலான ஐந்தாம் படிக்கு ஏறக்குறைய 60 கண்டில். பிலிமின் வேகம் 64. அதன் வர்க்கமூலம் 8. எனவே எஃப் 8இல் 1/60 செக்கன். மஞ்சள் வடிகட்டிக்காக மும்மடங்காக்கினால் 1/20. முன்புறமும் மலையும் ஒருங்கே துல்லியமாக அமைய எஃப் 32 தேவை. அது பதினாறு மடங்கு. ஆக, சற்றேறக்குறைய ஒரு செக்கன். எழுதுவதற்கு எனக்கு எடுத்த நேரத்தில் அவர் படத்தை எடுத்து முடித்திருப்பார்.

தகட்டைத் திருப்பி இரண்டாவது பிரதி எடுக்க முனைந்தபோது சிலுவைகளின் மேலிருந்த ஒளி போய்விட்டது. எஞ்சியது ஒரேயொரு நெகட்டிவ்.

அதுவும் குறையுள்ளது. நிலவுக்குக் கணக்குச் சரி. முன்புறத்துப் புதர்களுக்கும் வீடுகளுக்கும் ஒளி போதவில்லை என்பதை அவர் அந்த இடத்திலேயே உணர்ந்திருந்தார். அதனால் கழுவும்போது நெகட்டிவ்வை மருந்திலும் தண்ணீரிலுமாக மாறி மாறி வைத்தார். தண்ணீரில் இருக்கும்போது, ஒளி மிகுந்த பகுதிகளில் ஊறிய மருந்து விரைவில் தீர்ந்து வேலை நின்றுவிடும். இருண்ட பகுதிகளில் தொடர்ந்து வேலை நடக்கும். அப்படியும் மெலிந்தே நின்ற முன்புறத்தை, 1948இல் மீண்டும் இரசாயனம் பூசி அடர்த்தியாக்கினார். இருந்த ஒரே நெகட்டிவ்வை ஏழு ஆண்டுகள் கழித்து மறுபடி மருந்தில் இறக்கத் துணிந்தாரே, அதுதான் எனக்கு இன்றும் வியப்பு.

ஆரம்பப் பிரதிகளில் வானம் சாம்பல் நிறம்; மேலே மேகக் கீற்றுகள் தெரியும். காலம் செல்லச் செல்ல அவர் வானத்தை இருட்டிக்கொண்டே போனார். பிற்காலப் பிரதிகளில் அது நள்ளிரவு போல் கறுத்திருக்கிறது. உண்மையில் அப்போது சூரியன் முற்றாக மறையவேயில்லை. இதனை மோசடி என்று நான் சொல்லமாட்டேன். நெகட்டிவ் இசைக்குறிப்பு, பிரதி அதன் கச்சேரி என்பது அவரது கொள்கை. ஆயினும் செய்தி ஆசிரியர் மேசையில் இருந்த எவரும் அந்தப் பிற்காலப் பிரதியைச் செய்திப்படமாக முதற்பக்கத்தில் இடச் சம்மதித்திருக்கமாட்டார். முதற்பிரதியை, நான் இட்டிருப்பேன்.

இதில் இன்னொரு வேடிக்கை. நிலவின் ஒளிர்வை மறவாத மனிதருக்குப் படம் எடுத்த நாள் மறந்துபோயிற்று. 1940 என்றும் 1944 என்றும் அவரே வெவ்வேறு இடங்களில் மாற்றி மாற்றிக் குறித்துவந்தார். 1943ஆம் ஆண்டுக்குரிய ஒளிப்பட ஆண்டுமலர் ஒன்றிலேயே படம் அச்சாகியிருந்தது என்பதுகூட அவரைத் திருத்தவில்லை. கடைசியில் வானியலாளர்கள் படத்திலிருந்த நிலவின் இடத்தையும் மலைகளின் நிலையையும் கொண்டு கணக்கிடத் தொடங்கினர். முதற்கணக்கு 1941 ஒக்டோபர் 31 என்றது. கமெரா நின்ற இடத்தை மேலும் துல்லியமாகக் கண்டறிந்து 1991இல் டெனிஸ் டி சிக்கோ வெளியிட்ட முடிவுதான், நான் தொடக்கத்தில் குறிப்பிட்ட நவம்பர் முதலாம் திகதி. நேரம் மாலை 4.49. அடம்ஸ் 1984இலேயே காலமாகியிருந்தார்.