நாணமும் புகுமுக வகுப்பும்

நம் நாட்டுத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் சட்டங்களையும் கட்டடங்களையும் குறிப்பிடுவர். மாணவர் நெஞ்சில் நிகழ்ந்ததைக் குறிப்பிடுவோர் அரியர். ஈண்டு யான் எடுத்துக்கொண்டது நாணம் பற்றிய செய்தி.

ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின், தோட்ட நிருவாகம் பள்ளி அமைத்தல் வேண்டும் என 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. கூட்டு மலாய் மாநிலங்களுள் ஒன்றான நெகிரி செம்பிலானுக்கும் அது பொருந்திற்று. கிராணியோ கங்காணியோ ஆசிரியரானதும் உண்டு. பகாவைச் சூழ்ந்த தோட்டங்களில் வறுமை இருந்தது. ஆயினும் பள்ளிக்குள் அதற்கு நாணுவார் இலர். எல்லார் வீட்டிலும் ஒரே ஒட்டுப்பால் நாற்றம் வீசும்போது எவர் முன் எவர் நாணுவது?

இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு 1964இல் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு முதல் தோட்டத்துப் பிள்ளைகள் பெருந்தொகையினராய்ப் பட்டணத்துப் பள்ளிகளுக்குச் சென்றனர். கதவு திறந்ததை வரவேற்றோம். நாணமும் உடன் நுழைந்ததை எவரும் கணக்கில் எழுதவில்லை.

1980களில் நானும் புகுமுக வகுப்பில் அமர்ந்தேன். மலாய்ப்பள்ளியில் பயின்ற எம் வயதினர் முதல் படிவத்தில் இருக்க, நாங்கள் ஓராண்டு பின்நின்றோம். மொழிப் பயிற்சிக்காக என்றனர் ஆசிரியர். தேறாதவர் என நாங்களே பொருள் கொண்டோம். ஊர் எதுவெனக் கேட்டால் தோட்டத்தின் பெயரை விழுங்கிவிட்டுப் 'பகாவ்' என்போம். ஒருநாள் என் அன்னையார் கட்டணம் செலுத்தப் பால்வெட்டு உடையோடு வந்தார். நான் நூலகத்துள் ஒளிந்தேன். அவர் உடைக்கு நாணியதாகவே அப்போது எண்ணினேன். ஒளிந்தமைக்கு நாணம் இரவில்தான் வந்தது. அது வேறு; இன்றும் போகவில்லை.

திருவள்ளுவர் 'நாணுடைமை' என ஓர் அதிகாரமே வகுத்தார். தகாத செயலுக்கு நாணுவதையே அவர் நாணம் என்றார். பெற்றோர் தொழிலுக்கு நாணுவதை அப்பெயரில் அடக்கவில்லை. பயிற்சிக் கல்லூரியில் அதனைப் பயின்றபோதுதான் என் இருவகை நாணமும் எனக்குப் பிரிந்து தெரிந்தன. தலைகுனிந்த மாணவனை மந்தன் எனக் குறித்துவைக்கும் பிழையை, அதன் பின்னரும் நான் செய்ததுண்டு.

ரப்பர் மரங்கள் பல இடங்களில் செம்பனைக்கு வழிவிட்டன. சென்ற ஆண்டு, இடைநிலைப்பள்ளி செல்லவிருந்த மாணவி ஒருத்தி, படிவத்தில் தந்தையின் தொழில் என்னும் கட்டத்தை வெறுமையாக விட்டுத் தந்தாள். மறந்தனையோ என வினவினேன். "இல்லை ஐயா" என்றாள். படிவத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்து, நாளை தரலாம் என்றேன்.