ஒரே துறை, இரண்டு சீட்டு

ரயிலும் கப்பலும் சந்திக்கிற இடத்தை ‘இணைப்பு’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். இந்தச் சொல் யாருடைய பார்வையிலிருந்து வருகிறது என்று கேட்டால், தனுஷ்கோடியின் வரலாற்றை வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. ஒரே சீட்டில் சென்னையிலிருந்து கொழும்பு வரை போகலாம். வண்டியை விட்டு இறங்கி, சாமானைப் போர்ட்டரிடம் கொடுத்து, கப்பலேறி, அக்கரையில் மறுபடி வண்டி பிடித்தால் ஆச்சு. போட் மெயிலைப் பற்றிய ஏக்கக் கதைகள் பெரும்பாலும் இந்தச் சீட்டு வைத்திருந்தவர்களுடையவை.

தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களுக்குப் பாதை மண்டபத்திலேயே அறுந்தது. இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அங்கே இருந்தது. காலரா, அம்மை என்று சொல்லி நாட்கணக்கில் அடைத்துவைத்து, உடம்பைச் சோதித்து, அம்மை குத்தி, அதற்குப் பிறகுதான் கப்பலுக்கு அனுப்பினார்கள். தொடக்க ஆண்டுகளில் அவர்களிடம் இருந்ததும் காகிதச் சீட்டு அல்ல, தோட்டத்தைக் குறிக்கும் எண் பொறித்த தகர வில்லை. வழிச்செலவைத் தோட்டத்தின் கணக்கில் எழுதினார்கள். அது பிறகு கடனாக அவர்கள் தலையிலேயே விழுந்தது. பயணி எங்கே போகிறார் என்பதைக் காகிதச் சீட்டு சொன்னது. இந்த உடம்பு யாருக்குச் சேர வேண்டும் என்பதைத் தகர வில்லை சொன்னது. காலனிய மருத்துவமும் தோட்ட முதலாளியமும் அந்த ஒரு வில்லையில் கைகோத்திருந்தன.

1964 அக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று தீர்மானித்தது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அதே ஆண்டு டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. கப்பல் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. அதில்தான் மலையக மக்கள் ‘தாயகம் திரும்பியோர்’ என்ற பெயரைச் சுமந்து வந்து இறங்கினார்கள். அவர்களில் பலர் இந்த மண்ணைப் பார்த்ததே இல்லை. இறங்கியவர்களை வாங்கிக்கொண்டதும் மண்டபம் முகாம்தான்.

1980களில், போர்ச் சூழலில், கப்பல் நின்றுபோனது. முகாம் நிற்கவில்லை. 1983க்குப் பின் அகதிகள் அங்கே வந்தார்கள். 2022இல் இலங்கைப் பொருளாதார நெருக்கடிக்குத் தப்பிப் படகேறி வந்தவர்களையும் அங்கேதான் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அந்தப் பகுதியின் பெயரே ‘மண்டபம் கேம்ப்’ என்று நிலைத்துவிட்டது.

தனுஷ்கோடி இடிபாடுகளைப் பார்க்கக் கூட்டம் போகிறது. அறுந்த இணைப்பை நினைத்து நாமும் உருகி எழுதுகிறோம். மண்டபத்தை விட்டுவிட்டு எழுதப்படும் தனுஷ்கோடி வரலாறு, காகிதச் சீட்டு வைத்திருந்தவர்களின் வரலாறு மட்டுமே. தகர வில்லையோடு போனவர்களின் பேரப்பிள்ளைகள் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் இன்றும் இருக்கிறார்கள். எழுத வேண்டிய மற்ற பாதியை அவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.