தோட்டத்துத் திடலில் எழுதப்படாத வரலாறு

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுவோர் கோயிலையும் பள்ளியையும் தொழிற்சங்கத்தையும் தவறாது குறிப்பிடுவர். தோட்டத்துக் காற்பந்துத் திடலைக் குறிப்பிடுவோர் மிகச் சிலரே. நெகிரி செம்பிலானில் லாபு, ரந்தாவ், சிலியாவ், பகாவ் ஆகிய வட்டாரங்களின் இரப்பர்த் தோட்டங்களில், பிறருக்காக உழைத்த நம் மக்கள் தமக்காக ஓடிய இடம் அத்திடலே என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இந்நாட்டுக் காற்பந்தின் பெரிய வரலாறு ஏடுகளில் உள்ளது. கூட்டு மலாய் மாநிலங்களின் பணத்தில் கட்டப்பட்ட 'மலாயா' என்னும் போர்க்கப்பல் இங்கு வந்து சென்றதன் நினைவாக, அதன் மாலுமிகள் அளித்த கிண்ணத்திற்கு 1921 முதல் போட்டி நடந்தது. பின்னர் மலேசியக் கிண்ணம் எனப் பெயர் பெற்ற அதனை நெகிரி செம்பிலான் 1948, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் வென்றது. வென்றவர் பெயரும் அடித்த கோலும் பதிவாயின. தோட்டக் குழுக்களின் ஆட்டங்களோ ஆடியவர் நினைவோடு நின்றுவிட்டன.

விடியுமுன் பெரட்டு, பின்னர் மரம் வெட்டு, வெயில் ஏறியதும் பால் எடுத்து நிறுவைக்குக் கொண்டு செல்லல். இவை முடிந்த மாலைப் பொழுதே ஆட்டக்காரனுக்கு உரியது. பலர் வெறுங்காலுடன் ஆடினர். கிராணியோ பள்ளி ஆசிரியரோ செயலாளராக இருப்பார். ஞாயிற்றுக்கிழமை அடுத்த தோட்டத்தார் லாரியில் வந்திறங்கினால், லயமே திடலைச் சுற்றி நிற்கும். பெரட்டில் ஆளெண்ணாக நின்றவன் அங்கே பெயர் சொல்லி அழைக்கப்பட்டான். அத்திடலின் சிறப்பு இதுவே.

ஆயினும் திடல் அவனுடையதன்று. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டுமென விதித்தது. பள்ளிக்குச் சட்டம் துணை நின்றது. திடலுக்கோ பெரும்பாலும் துரையின் நல்லெண்ணமே துணை. மாநிலம் முதன்முறை கிண்ணம் வென்ற அதே 1948இல் அவசரகாலம் பிறந்தது. 1960 வரை நீடித்த அக்காலத்தில் பல தோட்டங்களின் லயங்களை முள்வேலி சூழ்ந்தது.

அவ்வேலி அகலுமுன்னரே வேறோர் இடர் வந்தது. 1950களில் வெளிநாட்டார் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. அதனைத் தடுக்கவே 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பின்னர் இரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. அதன்பின் நீலாய், செண்டாயான் பகுதிகளில் தோட்ட நிலமே நகரமாயிற்று. லயங்கள் கலைந்தபோது குழுக்களும் கலைந்தன. ஆட்டக்காரர் திறன் குன்றி அவை மறையவில்லை. காலடியிலிருந்த மண் கைமாறியதால் மறைந்தன.

தோட்டம் அழிந்த பின்னும் சில பள்ளிகள் இடம்பெயர்ந்து வாழ்கின்றன, கோயில்களும் அவ்வாறே. இடம்பெயர முடியாதது திடல் ஒன்றே. அதை மீட்டல் இனி அரிது. அதன் நினைவை மீட்டல் அரிதன்று. மங்கிய ஒரு நிழற்படமும் கறுத்த ஒரு சுழற்கிண்ணமும் இன்னும் ஏதேனும் ஓர் இல்லத்தில் இருக்கக்கூடும். அப்படத்தில் நிற்பவர் யார், எத்தோட்டம், எவ்வாண்டு என்று கேட்டு எழுதுமாறு ஆசிரியர்கள் மாணவர்க்குப் பணித்தல் நன்று. விடை கூறவல்ல முதியோர் நாளும் குறைந்து வருகின்றனர்.