நடுவட்டத்தின் சுழி: 1984 எய்ட்ஸ் தொடர்புப் படம் பற்றி ஒரு மறுவாசிப்பு

1984 மார்ச்சில் ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியான ஒரு படத்தை எய்ட்ஸ் வரலாறு எழுதுவோர் இன்றும் விட்டபாடில்லை. 1982 ஏப்ரல் வரை அமெரிக்காவில் எய்ட்ஸ் நோயாளிகளாகப் பதிவான தன்பாலீர்ப்பு ஆண்கள் 248 பேர். அவர்களில் பத்து நகரங்களைச் சேர்ந்த 40 பேர் பாலுறவால் பிணைந்திருந்ததை அந்தப் படம் வட்டங்களாலும் கோடுகளாலும் காட்டுகிறது. நடுவில் ஒரு வட்டம். அதற்குள் ஒரு சுழி. அந்த வட்டத்திலிருந்தே நோய் கிளை பிரிந்தது என்ற வாசிப்பு நெடுநாள் கோலோச்சியது. 2016இன் மரபணு ஆய்வுக்குப் பிறகு படத்தையே தள்ளிவிடலாம் என்கிறது மறுதரப்பு. இரு தரப்பும் படத்தைப் போதிய நேரம் உற்றுப் பார்க்கவில்லை என்பது என் துணிபு.

முதலில் கண்ணில் படவேண்டியது, கோடுகளுக்கு அம்புமுனை இல்லை என்பது. இன்னார் இன்னாருடன் உறவு கொண்டார் என்பதோடு கோடு நின்றுவிடுகிறது. யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்று அது சொல்வதில்லை. திசையைச் சேர்த்தவர்கள் வாசகர்கள்.

அடுத்தது, நடுவட்டம் எப்படி நடுவுக்கு வந்தது என்ற கேள்வி. படத்துக்கு அடிப்படையான லாஸ் ஏஞ்சலிஸ் விசாரணையில், அந்த வட்டம் குறிக்கும் நோயாளிக்கு இடப்பட்ட குறி சுழியே அல்ல. ‘கலிபோர்னியாவுக்கு வெளியே’ என்பதைச் சுட்டும் ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்து. எழுத்து எண்ணாக மாறியது. எண் ‘முதல் நோயாளி’ என்ற பொருளை இழுத்துவந்தது. ஆண்டுக்கு 250 பேர் வீதம், 1979 முதல் 1981 வரை சுமார் 750 பேருடன் உறவு இருந்ததாக அவர் சொன்னார். அவர்களில் 72 பேரின் பெயர்களைத் தந்தார். பத்தில் ஒரு பங்குகூட இல்லைதான். ஆனால் பெயரே கேட்காமல் பிரியும் சந்திப்புகள் மலிந்த ஒரு சூழலில் 72 என்பது பெரிய எண். மூன்று பெயர் சொன்னவருக்கு அவர் சொல்லின் வழியே அதிகம் போனால் மூன்று கோடு. 72 சொன்னவருக்கு 72 கோடு வரை இடமுண்டு. ஆக, நடுவட்டத்தைச் சுற்றியுள்ள நெரிசல் அவர் பரப்பிய நோயின் அளவல்ல. அது பெரும்பாலும் அவருடைய நினைவாற்றலின் அளவு. விசாரித்தவர்களுக்கு ஒத்துழைத்த மனத்தின் அளவும்கூட. கட்டுரை அச்சேறிய அதே மாதம் அவர் இறந்துபோனார். அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. வாதத்துக்கு அது தேவைப்படவும் இல்லை.

காலக்கணக்கும் பழைய வாசிப்பைக் கைவிடுகிறது. உறவுக்கும் அறிகுறி தோன்றுவதற்கும் இடையே சராசரியாகப் பத்தரை மாதம் என்று அந்தக் கட்டுரை மதிப்பிட்டது. சிகிச்சை இல்லாதவருக்கு எச்.ஐ.வி. தொற்று எய்ட்ஸாக முற்றப் பெரும்பாலும் பத்தாண்டு அளவில் பிடிக்கும் என்பது பிறகு தெரியவந்தது. அப்படியானால் படத்தில் உள்ளவர்களில் பலர், கோடு குறிக்கும் அந்த உறவுக்கு முன்பே தொற்றுக்கு ஆளாகியிருக்க வேண்டும். 1978–79இல் சேமித்த குருதிநீரை ஆராய்ந்த 2016 ஆய்வின்படி, வைரஸ் 1970ஐ ஒட்டியே கரீபியனிலிருந்து நியூயார்க்கை அடைந்துவிட்டது. நடுவட்டத்தவரின் வைரஸ் அமெரிக்க வைரஸ்களின் குடிவழி மரத்தின் வேரில் இல்லை. கிளைகளுக்கு நடுவே ஒன்றாக இருக்கிறது.

இதனால் படம் பயனற்றதாகிவிடுமா? 1982இல் காரணி எதுவென்றே தெரியாது. முகரும் நைட்ரைட் மருந்துகள்மீதுகூட ஐயம் இருந்தது. தொற்றும் பொருள் ஒன்று உறவின் வழியே கடக்கிறது என்ற கருத்துக்கு, 248இல் 40 பேரின் பிணைப்பு வலுவான சான்று. அதைவிட முக்கியமானது கோடுகளின் அமைப்பு. நடுவட்டத்தோடு நேரடியாகப் பிணைந்த நோயாளிகள் எட்டுப் பேர்: தெற்குக் கலிபோர்னியாவில் நால்வர், நியூயார்க்கில் நால்வர். எஞ்சிய 30க்கும் மேற்பட்டோருக்கு அவரோடு நேரடிக் கோடு இல்லை. அவர்களைப் பிணைப்பவை பிறருடைய உறவுகள். இந்த அமைப்பு ஏன் முக்கியம்? பாலுறவுத் தொற்றின் வேகத்தைக் கணக்கிடத் தொற்றுநோய்க் கணித ஆய்வாளர்களான ஆண்டர்சனும் மேயும் தந்த வாய்பாட்டில் இணைகளின் சராசரி எண்ணிக்கை மட்டும் போதாது; அதன் பரவற்படியை, அதாவது எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறுபடும் அளவை, சராசரியால் வகுத்து, வந்ததைச் சராசரியோடு கூட்டவேண்டும். உறவுகள் அமையும் காலமும் முக்கியம்: தொற்றிய முதல் வாரங்களில் குருதியில் வைரஸ் மிகுந்திருக்கும். அந்த வாரங்களில் ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட உறவுகள் இருந்தால் நோய் ஒரே வீச்சில் பலரை எட்டும். ஒரே இணையோடு வாழ்பவரும் அந்த இணையின் வழியாக வலைக்குள் வந்துவிடுகிறார். தனி ஒருவரின் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு தொங்கும் வாசிப்புக்கு இது பிடிபடுவதே இல்லை.

நினைவை நம்பி வரைந்த வலையும் ஐயத்துக்குரியதுதானே என்று கேட்கலாம். மறதி கோடுகளை அழிக்கும், புதிதாக வரையாது. உண்மை வலை படத்தில் உள்ளதைவிட அடர்த்தியாகவே இருந்திருக்கும். இல்லாத உறவைச் சிலர் சொல்லியிருக்கலாம் என்ற மறுப்பைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் காரணம் எதையும் நான் காணவில்லை.

இந்தப் படத்தை இனி மறுபதிப்புச் செய்வோர் சுழியை நீக்கி, அந்த ‘ஓ’வைத் திரும்ப இடட்டும். வட்டத்தின் பக்கத்தில் ‘750இல் 72’ என்றும் குறிக்கட்டும்.