வலிமை வேறு, நீடிப்பு வேறு: கல்கத்தாவின் பல் மருத்துவ வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

பல் மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் பொருள்களின் வரிசையாகவே எழுதப்படுகிறது. தங்கம், வெள்ளி-பாதரசக் கலவை, கடினமாக்கப்பட்ட ரப்பர், அக்ரிலிக், பிசின், இறுதியாக இழை வலுவூட்டிய கூட்டுப்பொருள். ஒவ்வொன்றும் முந்தையதைவிட வலியது என்ற எண்ணம் இவ்வரிசையில் பொதிந்திருக்கிறது. ஆனால் இந்த எண்ணம் இரண்டு உண்மைகளை மறைக்கிறது. ஒன்று, வலிமையும் நீடிப்பும் ஒரே பண்பல்ல. மற்றொன்று, பயிற்சி பெற்ற கையின்றி எப்பொருளும் சிகிச்சையாவதில்லை. இவ்விரண்டையும் சேர்த்துக் காண்பதற்குக் கல்கத்தா ஏற்ற களம்.

கிழக்கு வங்கத்தில் 1890இல் பிறந்த ரஃபியுதீன் அகமது, அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1915இல் பல் மருத்துவப் பட்டம் பெற்றார். பாஸ்டன் நகரின் ஃபார்சைத் குழந்தைகள் பல் மருத்துவமனையில் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டுத் தாயகம் திரும்பி, 1920இல் கல்கத்தா பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி அதுவே. தொடக்க காலத்தில் அதன் செலவுக்குக் கைகொடுத்தது, ‘நியூயார்க் சோடா ஃபவுண்டன்’ என்னும் பெயரில் அவர் நடத்திய குளிர்பானக் கடை. 1925இல் இந்தியப் பல் மருத்துவ இதழைத் தொடங்கினார். 1928இல் மாணவர்களுக்கான கைந்நூல் ஒன்றையும் வெளியிட்டார். 1949இல் கல்லூரியை அரசிடம் ஒப்படைத்தார். இன்று சியால்தா அருகே அவர் பெயரைத் தாங்கி அது இயங்குகிறது.

அக்காலக் கல்கத்தாவில் பல் வைத்தியம் பட்டதாரிகளின் தொழிலாக மட்டும் இருக்கவில்லை. சீனாவின் ஹூபே மாகாணத்திலிருந்து வந்து குடியேறியோர் பலர் அதைக் குடும்பத் தொழிலாகவே செய்து வந்தனர். தந்தையின் கையைப் பார்த்து மகன் கற்ற கலை அது. 1939இன் வங்கச் சட்டமும், அதன்பின் நாடு முழுமைக்கும் வந்த 1948இன் பல் மருத்துவர் சட்டமும் யார் பல் மருத்துவர் என்பதை வரையறுத்தன. 1948இன் சட்டம் பதிவேட்டை இரு பகுதிகளாகப் பிரித்தது. முதற்பகுதி பட்டம் பெற்றவர்க்கு. இரண்டாம் பகுதி பட்டமின்றி நெடுநாள் தொழில் செய்து பிழைத்தவர்க்கு. இரண்டாம் பகுதியினரின் உரிமை அவர்களோடு முடிந்தது. அவர்தம் பிள்ளைகள் கல்லூரி வழியாகவே அத்தொழிலுக்குள் நுழைய முடியும். அறிவு கைவழியாகக் கடத்தப்பட்ட காலம் இவ்வாறு சட்டத்தால் முடித்து வைக்கப்பட்டது.

அக்கல்லூரி பிறந்த காலத்தின் பல்லடைப்பு முறை அமெரிக்கரான ஜி. வி. பிளாக் வகுத்த நெறிகளைச் சார்ந்திருந்தது. வெள்ளி-பாதரசக் கலவை பல்லோடு ஒட்டாது. ஆகவே அதைப் பூட்டி நிறுத்தும் வகையில் குழியை வடிவமைக்க வேண்டும். அதற்காக நல்ல பல்லையும் ஓரளவு குடைய நேரும். பொருளின் வலிமைக்காகப் பல் தன் வலிமையை இழந்தது. 1955இல் மைக்கேல் புவோனோகோர், பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமலை நுண்ணியதாக அரித்தால் பிசின் அதில் பற்றிக்கொள்ளும் எனக் காட்டினார். 1960களின் தொடக்கத்தில் ரஃபேல் போவன் உருவாக்கிய பிசினும் சேர்ந்தபோது குடைதல் குறைந்தது. பொருள் பல்லில் பூட்டப்படாமல் ஒட்டத் தொடங்கியது.

இழை வலுவூட்டல் இதன் அடுத்த படி. அதன் அடிப்படைத் தத்துவம் கல்கத்தாவுக்குப் புதிதன்று. குமார்த்துலியில் துர்க்கைச் சிலை செய்வோர் மூங்கிலும் வைக்கோலும் கட்டி அதன்மேல் களிமண் அப்புவர். மண்ணோடு உமியும் சணல் நாரும் கலப்பதும் உண்டு. மண் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையில் விரியும். நார் அந்த விரிசலைத் தடுக்கும். 1937இல் செயற்கைப் பற்களுக்குப் பயன்படத் தொடங்கிய அக்ரிலிக் தட்டு, மெல்லும்போது வளைந்து வளைந்து நடுவே பிளப்பது வழக்கமான குறை. அதற்குள் இழை வைக்கும் முயற்சி 1960, 70களில் நடந்தது. கார்பன் இழை வலியது, ஆனால் கறுப்பு நிறத்தது. பின்னர் கண்ணாடி இழையும் பாலிஎத்திலீன் இழையும் முன்னுக்கு வந்தன.

இங்கு அளவைவிடத் திசை முக்கியம். ஒரே திசையில் அடுக்கிய இழை அத்திசையில் முழுப் பயன் தரும்; குறுக்கே ஏறக்குறைய ஒன்றும் தராது. இரு திசையில் நெய்த இழை, பயனை இரண்டுக்கும் பாதி பாதியாகப் பகிரும். எனவே விசை எப்பக்கம் வரும் என்றறிந்து இழையை வைப்பவரின் தீர்ப்பே பொருளின் வலிமையைத் தீர்மானிக்கிறது.

வேர் சிகிச்சைக்குப் பின் பல்லுக்குள் நிறுத்தும் தண்டு இதற்குத் தெளிவான சான்று. எஃகின் யங் குணகம் ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல். டென்டினுடையது 20க்கும் குறைவு. வளையாத எஃகுத் தண்டு விசையை வேருக்குள் செலுத்தும். வேர் பிளந்தால் பல்லைப் பிடுங்குவதன்றி வழியில்லை. 1990 அளவில் பரவத் தொடங்கிய இழைத்தண்டு டென்டினுக்கு நெருக்கமாக வளையும். அது தோற்கும்போதும் பெரும்பாலும் ஒட்டு விடுபடுகிறதே தவிர, வேர் பிளப்பதில்லை; மீண்டும் ஒட்டிவிடலாம்.

ஆயினும் இழையும் அழியாப் பொருளன்று. வாய் எப்போதும் ஈரம். கண்ணாடியையும் பிசினையும் இணைக்கும் சிலேன் படலத்தை நீர் மெல்ல மெல்லச் சிதைக்கிறது. சூடான தேநீரும் குளிர்ந்த தயிரும் மாறிமாறித் தரும் வெப்ப வேறுபாடு, ஆண்டுக்கு இலட்சக்கணக்கான முறை நிகழும் மெல்லுதல், இவை சேர்ந்து இடைமுகத்தைத் தளர்த்துகின்றன. ஆய்வகத்தில் உலர்ந்த மாதிரி ஒரே முறை முறிந்து காட்டும் எண் வலிமையைக் கூறும், நீடிப்பைக் கூறாது.

ஆகவே ஒரு பொருளைப் பற்றி வரலாறு கேட்க வேண்டிய கேள்வி, அது எவ்வளவு தாங்கும் என்பது மட்டுமல்ல. அது எவ்வாறு தோற்கும்? தோற்ற பின் சீர்செய்ய இயலுமா? சீர்செய்யும் பயிற்சி யாரிடம் உள்ளது, அது ஏழை நோயாளிக்கு எட்டுமா? குளிர்பானக் கடையின் வருவாயில் கல்லூரி நடத்திய அகமது விடை தேடியது இக்கடைசிக் கேள்விக்குத்தான். புதிய பொருள் வரும்போதெல்லாம் அக்கேள்வி மீண்டும் எழுகிறது. அதற்கு ஆய்வக எண்களில் விடை இல்லை.