கெல்லி மாளிகை: கைவிடப்பட்டதன் வரலாறு

பேராக் மாநிலத்தில் பத்துகாஜாவையும் கோப்பேங்கையும் இணைக்கும் சாலையருகே, ராயா ஆற்றை ஒட்டிய மேட்டில் நிற்கும் கெல்லி மாளிகை இன்று பேய் மாளிகையாகவே பெரிதும் அறியப்படுகிறது. மாணவர்களை அங்கு அழைத்துச் செல்லும் நம் ஆசிரியர் சிலரும் சுரங்க வழியையும் ஆவிக் கதையையும் கூறி அமைந்துவிடுகின்றனர். கதை சுவையானதுதான், எனினும் அம்மாளிகை ஏன் கைவிடப்பட்டது என்னும் வினாவிற்கு அது விடையாகாது.

ஸ்காட்லாந்தில் 1870இல் பிறந்த வில்லியம் கெல்லி ஸ்மித் இருபது வயதளவில் மலாயா வந்தார். ஆல்மா பேக்கர் என்பாரின் நில அளவைத் தொழிலில் சேர்ந்து பொருளீட்டி, கிந்தா வட்டாரத்தில் ஏறத்தாழ 1000 ஏக்கர் காட்டு நிலத்தை வாங்கி ரப்பர் பயிரிட்டார். ஈயத் தொழிலிலும் ஈடுபட்டார். தம் பிறந்த மண்ணின் நினைவாகத் தோட்டத்திற்குக் கிந்தா கெல்லாஸ் எனப் பெயரிட்டார். அங்கு முதலில் எழுப்பிய இல்லம் போதாதென, மகன் பிறந்த 1915ஆம் ஆண்டில் அதனினும் பெரிய மாளிகையைக் கட்டத் தொடங்கினார். செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து தருவிக்கப்பட்டதோடு, கைவினைஞர்களும் சென்னை மாகாணத்திலிருந்து வருவிக்கப்பட்டனர். உயர்ந்த கோபுரம், மூரியப் பாணி வளைவுகள், மின்தூக்கிக்கென விடப்பட்ட குழி ஆகியன துரையின் எண்ணத்தை இன்றும் காட்டுகின்றன. அக்குழியில் மின்தூக்கி ஏறியதே இல்லை.

1918இல் உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் மலாயாத் தோட்டங்களையும் தாக்கியது. கெல்லாஸ் தொழிலாளர் பலர் மாண்டனர் என்பர். ஆயினும் மாளிகையை வீழ்த்தியது நோயன்று என்றே கருதுகிறோம். 1920இல் ரப்பர் விலை சரிந்தது; 1922இல் ஸ்டீவன்சன் திட்டம் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. தோட்ட வருவாயை நம்பி எழுந்த கட்டடத்திற்கு இது சிறிய இடரன்று. 1926இல் ஸ்மித் லிஸ்பன் நகரில் நிமோனியாவால் இறந்தார். அவர்தம் மனைவி மலாயாவுக்குத் திரும்பி வாழ விரும்பவில்லை. சொத்து ஹாரிசன்ஸ் அண்ட் குரோஸ்பீல்ட் நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. நிறுவனத்திற்கு வேண்டியது பால்மரங்களே. முற்றுப்பெறாத மாளிகையால் அதற்கு யாது பயன்? ஒரு தனிமனிதரின் விருப்பத்தை மட்டுமே அடித்தளமாகக் கொண்ட வீடு, அவர் மறைந்ததும் காட்டிடம் சென்றது. குடும்ப மாளிகை எனப்படும் அதில் அக்குடும்பம் நிலையாகக் குடியேறவே இல்லை என்பதை மறந்துவிடலாகாது.

அதே தோட்டத்தில், மாளிகையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில், மாரியம்மன் கோயில் ஒன்று உள்ளது. காய்ச்சலுக்கு அஞ்சிய தொழிலாளர் தம் அம்மனுக்குக் கோயில் வேண்டினர் என்றும், துரை இசைந்து உதவினார் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அம்மை முதலிய நோய்களைத் தணிப்பவளாக மாரியம்மனைப் போற்றும் தமிழர் மரபை அறிந்தோர்க்கு இவ்வேண்டுகோள் வியப்பளிக்காது. மாளிகை பாழடைந்த பின்னரும் கோயிலில் வழிபாடு தொடர்ந்தது. அதற்குத் தலைமுறை தோறும் உரியோர் இருந்தனர்.

அக்கோயிலின் மேற்கூரையில் தெய்வ உருவங்களோடு வெள்ளுடை அணிந்த துரையின் உருவமும் நிற்கிறது. அதனைத் தொழிலாளர் நன்றியாகப் படைத்தனரா, தோட்ட அதிகாரத்திற்குப் பணிந்து படைத்தனரா? இரண்டும் கலந்தே இருக்கலாம் என்பது எம் கருத்து. மாணவரோடு அங்குச் செல்லும் ஆசிரியர்கள் சுரங்க வழியை விடுத்து, இவ்வுருவத்தின் முன்னின்று பாடத்தைத் தொடங்கிப் பார்க்கலாம்.