இந்திய மென்பொருட் பணித்துறையின் வணிக முதல்வர்கள்: அவர்தம் தொழிற் பின்னணி

வாணிகம் என்றவுடன் பொதியும் கலமும் பண்டகசாலையும் நினைவுக்கு வருதல் இயல்பு. மிளகாயினும் தேயிலையாயினும் துணியாயினும், விற்போன் தன் சரக்கைக் கொள்வோன் முன் பரப்பிக் காட்டி விலை பேசினான். இருபதாம் நூற்றாண்டின் இறுதி முப்பது ஆண்டுகளில் இந்தியாவில் வளர்ந்த மென்பொருட் பணித்துறையோ, கைக்கு அகப்படாத ஒன்றைக் கடலுக்கு அப்பாலுள்ளார்க்கு விற்று வளர்ந்ததாகும். அங்கே விற்கப்பட்டது பண்டமன்று. குறித்த நாளில் குறித்த வேலையைப் பிழையின்றி முடித்துத் தருவோம் என்னும் உறுதிமொழியே. இவ்வுறுதிமொழியை விற்றவர் யாவர்? அவர் எங்கே கற்றனர்? இத்துறைக்கு வருமுன் எத்தொழிலிற் பழகினர்? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வது, ஒரு தொழிற்றுறையின் வரலாற்றை மட்டுமன்றி, கல்விக்கும் தொழிலுக்கும் உள்ள உறவையும் ஒருவாறு விளக்குவதாகும்.

இத்துறையின் முதல் தலைமுறையினர் எவரும் கணினி வணிகத்துக்கெனப் பயிற்றப்பட்டவரல்லர். அத்தகைய பயிற்சி அந்நாளில் இருந்ததுமில்லை. இந்திய மென்பொருட் டொழிலின் தந்தை எனப் போற்றப்படும் பகீர் சந்த் கோலி 1924ஆம் ஆண்டு பெஷாவரிற் பிறந்தவர். லாகூரிலும், பின் கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்திலும், அதன்பின் மசாச்சுசெற்ஸ் தொழினுட்பக் கழகத்திலும் கற்ற அவர், 1951இல் நாடு திரும்பி டாட்டா மின்வலுக் கம்பனிகளிற் சேர்ந்தார். பம்பாய் நகருக்கு மின்சாரம் பகிர்ந்தளிக்கும் முறைமையைச் சீர்செய்யும் பொறியியலாளராகவே கணினியின் பயனை அவர் உணர்ந்தார். 1968இல் தொடங்கப்பெற்ற டாட்டா கன்சல்டன்சி சேர்விசஸ், அதாவது ரி.சி.எஸ்., என்னும் நிறுவனத்துக்கு 1969இல் பொது முகாமையாளராக அவர் சென்றபோது, தாம் பழகிய மின்வலுத் துறையை விட்டுச் செல்ல அவர் பெரிதும் விரும்பினாரல்லர். விருப்பமின்றி ஏற்ற பணியே அவர் பெயரை நிலைநிறுத்தியது.

அக்காலத்து இந்தியாவிற் கணினி ஒன்றை இறக்குமதி செய்தல் எளிதன்று. அந்நியச் செலாவணி அருகியிருந்தது. உயர்ந்த சுங்கவரியும் உத்தரவுப் பத்திர முறையும் வழியை மறித்தன. கணினியைக் கொணர விரும்புவோர் மென்பொருளை ஏற்றுமதி செய்து செலாவணி ஈட்டித் தருதல் வேண்டும் என்ற நிபந்தனையும் விதிக்கப்பட்டது. ஆகவே, ஏற்றுமதி என்பது தொடக்கத்தில் ஒரு கனவாக அன்றி, ஒரு கடப்பாடாகவே வந்து சேர்ந்தது என்பது நோக்கற்பாலது. அக்கடப்பாட்டை நிறைவேற்ற வெளிநாடு செல்வார் தேவைப்பட்டனர். 1972இல் பயிலுநர் பொறியியலாளராக ரி.சி.எஸ்.இற் சேர்ந்த எஸ். இராமதுரை 1979இல் நியூ யோர்க்கில் நிறுவனத்தின் அமெரிக்கப் பணியைத் தொடங்க அனுப்பப்பட்டார். டில்லியிற் பௌதிகவியலும், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் இலத்திரனியலும், கலிபோர்ணியாவிற் கணினி விஞ்ஞானமும் கற்ற அவர், விற்பனையை எந்த வகுப்பறையிலும் கற்கவில்லை. வாடிக்கையாளரின் வாயிலிலேயே கற்றார். 1996இற் கோலியை அடுத்து அவரே நிறுவனத்தின் தலைமையை ஏற்று, 2009 வரை நடத்தினார்.

இரண்டாவது வழி, உள்நாட்டில் இயந்திரம் விற்றவர்களின் வழியாகும். 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குபடுத்தற் சட்டம், வெளிநாட்டுக் கம்பனிகள் தம் உரிமைப் பங்கை நூற்றுக்கு 40 ஆகக் குறைத்தல் வேண்டும் எனப் பணித்தது. இதற்கிணங்காத ஐ.பி.எம். நிறுவனம் 1977ஆம் ஆண்டின் முடிவுப்படி 1978இல் இந்தியாவை விட்டு வெளியேறியது. அது விட்டுச் சென்ற இடத்தை நிரப்பப் பலர் முன்வந்தனர். அவருள் ஒருவர் சிவ நாடார். இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் மூலைப்பொழி என்னும் சிற்றூரில் 1945இற் பிறந்து, கோயம்புத்தூர் பூ. சா. கோ. தொழினுட்பக் கல்லூரியில் மின்பொறியியல் கற்ற இவர், 1967இற் புனே நகரிலே கூப்பர் எஞ்ஜினியரிங் நிறுவனத்தில் தொழிலைத் தொடங்கினார். பின்னர் டில்லியில் டி.சி.எம். நிறுவனத்தின் கணிப்பான் பகுதியில் வேலை பார்த்தார். அங்கிருந்து நண்பர்களுடன் விலகி, முதலிற் கணிப்பான்களை விற்று, அவ்வருவாயைக் கொண்டு 1976இல் உத்தரப் பிரதேச அரசின் கூட்டுடன் எச்.சி.எல். நிறுவனத்தை நிறுவினார். அவருடன் விலகிய அஜய் சௌத்திரி 1980இற் சிங்கப்பூர் சென்று அங்கே நிறுவனத்தின் கிளை முயற்சியைத் தொடங்கினார்.

டி.சி.எம். என்னும் பெயர் இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் வருதல் தற்செயலன்று. துணியாலை ஒன்றிலிருந்து வளர்ந்த அக்குழுமம், வணிக முகாமைக்கு ஒரு பள்ளியாக விளங்கியது. றூர்க்கியில் மின்பொறியியல் கற்று 1960களின் நடுப்பகுதியில் அக்குழுமத்திற் சேர்ந்த அசோக் சூட்டா, அதன் குளிரூட்டிக் கம்பனியை நடத்தியவர். 1984இல் விப்ரோ நிறுவனத்தின் கணினிப் பகுதிக்குத் தலைவரானார். ஒடிசாவிற் பிறந்த சுப்ரதோ பாக்சியோ அரசியல் விஞ்ஞானம் கற்றவர். 1976இல் மாநில அரசின் கைத்தொழிற் றிணைக்களத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, மறு ஆண்டே டி.சி.எம். நிறுவனத்தில் முகாமைப் பயிலுநராகி, 1981இற் கணினித் துறைக்கு வந்தார். இவ்விருவரும் விப்ரோவிற் சந்தித்துப் பின்னர் வேறு சிலருடன் கூடி 1999இல் மைண்ட்ரீ நிறுவனத்தைத் தொடங்கினர். குளிரூட்டி விற்றவரும் எழுதுவினைஞராயிருந்தவரும் ஒரு மென்பொருட் கம்பனியின் முதல்வராயினர் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

விப்ரோவின் வரலாறும் இத்தகையதே. 1945இல் அமல்நேர் என்னும் ஊரிலே தாவர எண்ணெய் செய்யத் தொடங்கப்பெற்ற கம்பனி அது. தந்தையார் இறந்தமையால் 1966இல், தம் இருபத்தோராம் வயதில், ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகக் கல்வி முற்றுப்பெறுமுன்னரே அசிம் பிரேம்ஜி நாடு திரும்பிப் பொறுப்பேற்றார். எண்ணெயும் சவர்க்காரமும் விற்ற அனுபவமே அவருடைய வணிகக் கல்வி. நுகர்பொருள் வணிகத்திற் பயின்ற ஒழுங்கு, அதாவது சிறு செலவையும் கணக்கிடலும் வாங்குவோரின் குறையை உடன் கேட்டலும், 1980களிற் கணினி விற்கவும் பின்னர் மென்பொருட் பணி விற்கவும் அவருக்குக் கைகொடுத்தது.

மூன்றாவது வழி பட்னி நிறுவனத்தின் வழி. றூர்க்கியிலும் மசாச்சுசெற்ஸிலும் கற்ற நரேந்திர பட்னி, அமெரிக்க ஆவணங்களை இந்தியாவிற் குறைந்த செலவிற் கணினி ஏற்கும் வடிவுக்கு மாற்றி அனுப்பும் தொழிலை 1972இல் தொடங்கினார். 1978இற் பட்னி கொம்பியூற்றர் சிஸ்ரம்ஸ் நிறுவப்பெற்றது. அங்கே மென்பொருட் பகுதியை நடத்திய நாராயண மூர்த்தி, மைசூரிலும் கான்பூர் இந்தியத் தொழினுட்பக் கழகத்திலும் கற்றவர். அகமதாபாத் இந்திய முகாமைத்துவக் கழகத்திலும் பரிஸ் நகரிலும் வேலை பார்த்தவர். தாமே தொடங்கிய ‘சொவ்ற்றோனிக்ஸ்’ என்னும் முயற்சியில் தோல்வி கண்டவர். 1981இல் அறுவருடன் விலகி, மனைவியார் தந்த 10,000 ரூபாவை முதலாகக் கொண்டு இன்போசிஸ் நிறுவனத்தை அவர் தொடங்கினார். கணினி இறக்குமதிக்கும் தொலைபேசி இணைப்புக்கும் அந்நிறுவனம் நெடுங்காலம் காத்திருந்தது. அறுவருள் ஒருவரான நந்தன் நிலேகணி 1978இற் பம்பாய் இந்தியத் தொழினுட்பக் கழகத்திற் பட்டம் பெற்றுப் பட்னியில் மூர்த்தியின் கீழ்ப் பணியாற்றியவர். பிற்காலத்தில் நிறுவனத்தின் முகமாக உலக மன்றங்களிற் பேசிய இவர், 2002 முதல் 2007 வரை அதன் தலைமை நிறைவேற்று அதிகாரியாயிருந்தார்.

நான்காவது வழியில் நம் நாட்டவர் ஒருவரைச் சந்திக்கின்றோம். 1994இல் அமெரிக்காவின் டன் அன்ட் பிராட்ஸ்றீற் நிறுவனம் தன் சொந்தத் தேவைக்காகச் சென்னையில் ஒரு மென்பொருட் பகுதியைத் தொடங்கியது. பின்னர் கொக்னிசன்ற் எனப் பெயர் பெற்று, 1998இல் அமெரிக்கப் பங்குச் சந்தையில் இடம்பெற்ற அந்நிறுவனத்தைத் தொடக்கத்தில் நடத்தியவர் இலங்கையிற் பிறந்த குமார் மகாதேவா ஆவர். சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் மரபில் வந்த இவர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலும் ஹார்வர்டில் வணிக முகாமையும் கற்றுப் பெருநிறுவனங்களில் ஆலோசகராகவும் அலுவலராகவும் விளங்கியவர். இவரை அடுத்து 2003இன் இறுதியிற் பொறுப்பேற்ற லக்ஷ்மி நாராயணன் ரி.சி.எஸ்.இற் பயின்றவர். 2007இல் வந்த பிரான்சிஸ்கோ டிசூசா நைரோபியிற் பிறந்து மக்காவோவிலும் அமெரிக்காவிலும் கற்றவர். வாங்குவோரின் நாட்டிலேயே வாழ்ந்து, அவர்தம் மொழியிலும் வழக்கிலும் பழகியவர்கள் விற்பனையை நடத்தியமை இந்நிறுவனத்தின் சிறப்பாயிற்று.

தனி நிறுவனங்களேயன்றித் துறை முழுமைக்கும் சந்தைப்படுத்தல் செய்தாரும் உளர். 1988இல் அமைந்த நாஸ்கொம் சங்கத்தை 1990களில் நடத்திய தேவாங் மேத்தா, கணக்காளராகவும் கணினி வரைகலைஞராகவும் பயின்றவர். அரசிடம் வரிச்சலுகையும், உலகிடம் மதிப்பும் வேண்டி ஊரூராகச் சென்ற அவர், 2001ஆம் ஆண்டு ஏப்பிரலிற் சிட்னி நகரில் இளவயதிலேயே காலமானார். அவருக்குப் பின் வந்த கிரண் கார்னிக், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தில் இருபதாண்டுகளுக்கு மேற் பணியாற்றி, தொலைக்காட்சித் துறையையும் கண்டவர்.

இப்பின்னணிகளை ஒப்புநோக்கின் மூன்று உண்மைகள் புலனாகும். முதலாவது, இவருட் பெரும்பாலார் பொதுப் பணத்தால் நடந்த கல்வி நிலையங்களின் மாணவர். ‘தன் முயற்சியால் உயர்ந்தோர்’ எனப் பேசப்படுவோரின் பின்னே, வரி செலுத்திய ஏழைக் குடியானவனும் நிற்கின்றான். இரண்டாவது, டி.சி.எம்., பட்னி, ரி.சி.எஸ்., விப்ரோ போன்ற நிறுவனங்கள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்த குருகுலங்களாயின. தனியொருவரின் மேதையிலும் இப்பரம்பரைப் பயிற்சியே பெரிது. மூன்றாவது, விற்பனையைப் பொறியியலினின்று பிரித்து இழிந்ததாகக் கருதாதவரே மேலோங்கினர். செய்யும் வேலையின் நுட்பத்தை அறிந்தவரே அதனைப் பற்றி உறுதிமொழி கொடுக்க வல்லவராயினர்.

எனினும், வென்றவர் வரலாற்றை மட்டும் எழுதுதல் நேர்மையாகாது. சொவ்ற்றோனிக்ஸ் போல மறைந்த முயற்சிகள் பல. அவற்றின் பெயரும் எஞ்சவில்லை. நாட்டுப்புற வறியோர்க்கும் ஒடுக்கப்பட்ட சாதியினர்க்கும் இவ்வாயில் எளிதிற் றிறக்கவில்லை; தொடக்ககால நிறுவுநர் வரிசையிற் பெண்கள் இல்லை எனலாம். 1982இல் முகாமைப் பட்டம் பெற்ற நீலம் தவான், பெண்களை விற்பனைப் பணிக்கு ஏற்கத் தயங்கிய கம்பனிகளைக் கடந்து எச்.சி.எல்.இற் சேர்ந்தவர், பின்னர் மைக்ரோசொவ்ற், எச்.பி. ஆகியவற்றின் இந்தியப் பகுதிகளுக்குத் தலைமை தாங்கினார். நாஸ்கொம் சங்கத்துக்குப் பெண்ணொருவர் முதன்முறை தலைவரானது 2018இலேயே.

இந்நூற்றாண்டில் நிலைமை மாறியது. நிறுவுநரின் இடத்தை, நிறுவனத்துள்ளேயே படிப்படியாக உயர்ந்தோர் பெறலாயினர். நாமக்கல்லை அடுத்த மோகனூரில் அரசினர் பாடசாலையிலே தமிழ்மொழி மூலம் கற்றுக் கோயம்புத்தூரிலும் திருச்சியிலும் பட்டம் பெற்ற ந. சந்திரசேகரன், 1987இல் ரி.சி.எஸ்.இற் சேர்ந்தார், 2009இல் அதன் தலைமையையும், 2017இல் டாட்டா குழுமத் தாய்நிறுவனத்தின் தலைமையையும் அடைந்தார். 1989இற் சேர்ந்த கிருத்திவாசன் 2023இல் ரி.சி.எஸ்.இன் தலைவரானார். வெளியிலிருந்து தலைவரை அழைத்த இன்போசிஸ் 2014இலும் 2018இலும் ஐரோப்பிய நிறுவனங்களிற் பழகியோரைத் தெரிந்தது. தாய்மொழியிற் கற்றல் உயர்வுக்குத் தடையென்பார் மோகனூரை நினைத்தல் நன்று.

‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்’ என்பது யாழ்ப்பாணத்துப் பழைய வழக்கு. அரசாங்க உத்தியோகமே கல்வியின் பயன் என எண்ணிய தலைமுறையின் குரல் அது. அவ்வெண்ணத்துக்குக் காரணம் இருந்தது. நிலம் வறண்டது, சம்பளம் நிலையானது. ஆயினும், எழுதுவினைஞர் நாற்காலியை விட்டெழுந்த பாக்சியும், மின்வலுத் துறையை விட்டுச் சென்ற கோலியும், நம் நாட்டிற் பிறந்து பிறநாட்டிற் கம்பனி கண்ட மகாதேவாவும் வேறொரு பாடத்தைப் புகட்டுகின்றனர். கற்ற பாடம் ஒன்றாகவும் செய்யும் தொழில் பிறிதொன்றாகவும் அமைதல் தோல்வியன்று. தன் சொல்லை நம்பிப் பணம் தருவோனுக்கு அச்சொல்லைக் காத்துக் கொடுத்தலே வணிகத்தின் மூலதனம். அதனை எக்கல்லூரியும் தனிப்பாடமாகப் போதிப்பதில்லை. ஆயின், ஒழுங்காக வீட்டுப்பாடம் முடித்து வரும் ஒவ்வொரு மாணவனும் அதனைப் பழகிக்கொண்டேயிருக்கின்றான்.